ரேஞ்சில் ரைபிள் அடிக்கடி ஜாம் ஆகிறது: மேகசினா, தோட்டாவா, கையா?

#1 யீஷூன்வாசி

வணக்கம். அடுத்த மாதம் மறுபடி இன்கேம்ப் (சிங்கப்பூர் ராணுவத்தின் ரிசர்வ் பயிற்சி) வருகிறது. அதற்குள் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

போன முறை சுடும்போது எனக்குக் கொடுத்த ரைபிள் விட்டுவிட்டு நின்றது. இரண்டு மூன்று தோட்டா போகும், அடுத்தது போகாது. ட்ரிகரை இழுத்தால் ஒன்றும் நடக்காது. காக் பண்ணினால், அதாவது ஹேண்டிலைப் பின்னே இழுத்து விட்டால், வெடிக்காத தோட்டா ஒன்று வெளியே விழும். மறுபடி சுட்டால் போகும், அப்புறம் திரும்ப நிற்கும். பக்கத்து லேன்களில் யாருக்கும் இந்தத் தொல்லை இல்லை. நான் கையாண்டு முடிப்பதற்குள் டார்கெட் எழுந்து படுத்துவிடும். மார்க்ஸ்மேன் (சிறந்த சுடுநர் தகுதி) ஆசையும் கூடவே படுத்துவிட்டது.

சுத்தம் செய்துதான் கொண்டுபோனேன். அப்படியிருக்க இது ஏன் வருகிறது? ஐஏ ட்ரில்லில் (துப்பாக்கி நின்றால் உடனே செய்யும் பயிற்சி வரிசை) முதலில் மேகசினைத் தட்டுவதா, காக் பண்ணுவதா என்பதிலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இன்னொன்று: தோட்டாவுக்கு லேசாக எண்ணெய் தடவினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் என்று என் பங்க்மேட் (அறைத்தோழன்) அடித்துச் சொல்கிறான். உண்மையா?

#2 கார்பன்கை

மேகசின்தான். வேறு மேகசின் மாற்றிப் பார்த்தீர்களா?

எண்ணெய் மட்டும் தடவிவிடாதீர்கள் ப்ரோ. ஷிஃப்டில் இருக்கிறேன், இரவு வந்து விளக்கமாக எழுதுகிறேன்.

#3 பழைய_என்சிக்

தம்பி, துப்பாக்கி எந்த இடத்தில் நின்றது என்று பார்க்காமல் காரணம் தேடினால் ராத்திரி முழுக்கத் தேடலாம்.

ஒரு தோட்டா வெடித்து அடுத்தது தயாராவதற்குள் எட்டு வேலை நடக்கிறது. மேகசினிலிருந்து தோட்டா மேலே வர வேண்டும். போல்ட் (முன்னும் பின்னும் ஓடும் இரும்புத் துண்டு) அதைத் தள்ளி சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) செலுத்த வேண்டும். போல்ட் சற்றே திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். வெடிக்க வேண்டும். பூட்டு திறக்க வேண்டும். வெற்றுக் கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூட்டை) எக்ஸ்ட்ராக்டர் பிடித்து இழுக்க வேண்டும். எஜெக்டர் அதை வெளியே தள்ள வேண்டும். ஊசியை அடிக்கும் ஹேமர் பின்னே போய் நிற்க வேண்டும். நம் ரைபிளான எஸ்ஏஆர் 21-இன் சுடும் வேகம் நிமிடத்துக்கு 450 முதல் 650 தோட்டா வரை என்று கணக்கு. அப்படியென்றால் இந்த எட்டும் ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிகின்றன. இதில் எது தவறினாலும் நமக்கு வெளியே தெரிவது ஒன்றுதான்: சுடவில்லை.

உங்கள் விஷயத்தில் காக் பண்ணியதும் வெடிக்காத தோட்டா விழுகிறது. அந்தத் தோட்டாதான் சாட்சி. அதன் அடிப்பாகத்தில், மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரின் நடுவில் ஊசி குத்திய பள்ளம் இருந்ததா? பள்ளம் இருந்தால் ஊசி அடித்திருக்கிறது, தோட்டா வெடிக்கவில்லை, பழுது தோட்டாவில் இருக்கலாம். பள்ளம் இல்லையென்றால் ஊசி அதைத் தொடவே இல்லை. போல்ட் முழுதாக முன்னே போய்ப் பூட்டிக்கொள்ளாமல் பாதி வழியில் நின்றிருக்கும். குண்டின் மூக்கிலோ கேஸின் பக்கவாட்டிலோ புதிய கீறல் இருந்தால் தோட்டா சேம்பருக்கு நேராக வரவில்லை, எங்கேயோ முட்டியிருக்கிறது. அப்போது சந்தேகம் முதலில் மேகசின் வாய் மேல்தான் போக வேண்டும்.

அடுத்தது ட்ரில். உங்கள் யூனிட் கற்றுக்கொடுக்கும் வரிசைதான் உங்கள் வரிசை. ரேஞ்சில் சேஃப்டி ஆபிசர் பேச்சுக்கு மேலே இங்கே எழுதுகிற எவன் பேச்சும் இல்லை. நான் சொல்ல வருவது ஒவ்வொரு அசைவும் எதற்காக என்பதை மட்டும். விரலை ட்ரிகரிலிருந்து எடுப்பதும் முனையை டார்கெட் பக்கமே வைத்திருப்பதும் எல்லாவற்றுக்கும் முன்பு. மேகசினின் அடியை உள்ளங்கையால் தட்டுவது, அது முழுதாக மாட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கலாம் என்பதால். மேகசின் சரியாக மாட்டாமலே காக் பண்ணினால் போல்ட் வெறுங்கையோடு முன்னே போகும், சேம்பர் காலியாகவே இருக்கும். அதனால் தட்டுவதை முதலில் வைக்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காக்கிங் ஹேண்டிலைக் கடைசி வரை இழுக்கும்போது உள்ளே இருப்பது வெளியே வர வேண்டும், வந்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காமல் இழுத்து விடுகிறவர்கள்தான் ஏற்கெனவே உள்ளே கிடக்கும் ஒன்றின் முதுகில் இன்னொரு தோட்டாவை ஏற்றி, சின்னத் தொல்லையைப் பெரிய தொல்லையாக்குகிறார்கள்.

ஹேண்டிலை விடும்போது சட்டென்று விடுங்கள். கையோடு மெதுவாகக் கொண்டுபோய் விடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. போல்ட் ஸ்பிரிங்கின் முழு வேகத்தில் போனால்தான் பூட்டிக்கொள்ளும். மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே நின்றுவிடும்.

ஒரு முறை செய்தும் சுடவில்லையா? திரும்பத் திரும்ப இழுக்காதீர்கள். மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைப் பின்னே நிறுத்துங்கள், சேம்பரைப் பாருங்கள். இரண்டு தோட்டா நெரிந்து கிடந்தால் அழுத்தத்தோடு மேலே தள்ளிக்கொண்டிருப்பது மேகசின்தான். அதை எடுத்த பிறகு உள்ளே கிடப்பது பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும்.

#4 தேக்கோங்_அப்பா

என்சிக் (வாரண்ட் ஆபிசரை இங்கே அப்படித்தான் அழைப்போம்), குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மகன் விரைவில் ரிக்ரூட் பயிற்சிக்குத் தேக்கோங் தீவுக்குப் போகிறான். நான் எம்16 ரைபிள் காலத்து ஆள். அதில் போல்ட் கன்னத்துக்கு முன்னால் இருக்கும். இப்போதைய துப்பாக்கியில் எல்லாம் கன்னத்துக்குக் கீழேயே நடக்கிறதே, ஏதாவது வெடித்தால்? வீட்டில் அம்மாவிடம் சொல்ல முடியாமல் இங்கே கேட்கிறேன்.

#5 பழைய_என்சிக்

சரியான கேள்வி சார். எஸ்ஏஆர் 21 புல்பப் வகை. மேகசினும் சேம்பரும் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கின்றன. பேரல் 508 மில்லிமீட்டர் நீளம் இருந்தும் மொத்த நீளம் 805 மில்லிமீட்டரில் அடங்குவது அதனால்தான். முகம் சேம்பருக்குப் பக்கத்தில் வரும் என்பது வடிவமைத்தவர்களுக்கும் தெரியும். கன்னம் படும் இடத்தில் கெவ்லார் தகடு வைத்திருக்கிறார்கள். உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் வாயு முகத்துக்கு வராமல் வெளியேறத் தனி வழியும் இருக்கிறது. அம்மாவிடம் தாராளமாகச் சொல்லலாம்.

புல்பப்பில் எனக்குக் கவலை தரும் விஷயம் வேறு. ஜாமைப் பார்க்க வேண்டுமென்றால் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிச் சாய்த்தால்தான் கேஸ் வெளியேறும் வாய் கண்ணுக்குத் தெரியும். துப்பாக்கியோ குட்டை. சாய்க்கிற வேகத்தில் முனை பக்கத்து லேன் பக்கம் திரும்பிவிடும். சுடுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது, அவன் கண் ஜாமில் இருக்கிறது. ரேஞ்சில் நான் கத்திய கத்தலில் பெரும்பங்கு இதற்காகத்தான். ரிக்ரூட்டுகள் நான் கோபக்காரன் என்று நினைத்தார்கள். அதுவும் உண்மைதான்.

#6 புள்ளி22

வணக்கம் எல்லோருக்கும். நான் ராணுவம் போனவள் இல்லை. கிளப்பில் 50 மீட்டர் .22 ரைபிள் சுடுகிறேன். என்சிக் ஐயா சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை.

ட்ரிகரை இழுத்து 'டிக்' என்று சத்தம் மட்டும் கேட்டு வெடிக்காவிட்டால் எங்களுக்குச் சொல்லித் தந்தது வேறு. முனையை டார்கெட்டை நோக்கியே வைத்துக்கொண்டு அப்படியே இருக்க வேண்டும். குறைந்தது 30 விநாடி கழித்துத்தான் போல்ட்டைத் திறக்க வேண்டும். காரணம், ப்ரைமர் தாமதமாகப் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. சேம்பருக்குள் பூட்டிய நிலையில் அது வெடித்தால் குண்டு டார்கெட்டுக்குத்தான் போகும். திறந்து வெளியே எடுத்த பிறகு வெடித்தால் பித்தளை கிழிந்து கையிலும் கண்ணிலும் பாயும்.

.22-இல் இது அதிகம் நடக்கும். அதன் ப்ரைமர் மருந்து நடுவில் தனி மூடியாக இல்லாமல், கேஸின் அடி விளிம்புக்குள் சுற்றிப் பரவியிருக்கும். அந்தப் பரவலில் எங்காவது விடுபட்டிருந்து ஊசி அந்த இடத்திலேயே விழுந்தால் அவ்வளவுதான். அதனால் எங்களுக்குப் பொறுமை கொஞ்சம் கூடுதலாகவே பழகிவிட்டது.

#7 பழைய_என்சிக்

அம்மா சொல்வது முழுக்கச் சரி, அவர்கள் இடத்துக்கு. ஐஏ ட்ரில் பிறந்த இடம் வேறு. எதிரே ஒருவன் நம்மைச் சுட்டுக்கொண்டிருக்கும்போது அரை நிமிடம் காத்திருக்க முடியாது. ராணுவத் தோட்டா நடுவில் ப்ரைமர் உள்ளது, அடித்தால் பெரும்பாலும் வெடித்துவிடும். தாமதமாக வெடிப்பது அபூர்வம், அப்படி வந்தாலும் தாமதம் வழக்கமாக நொடியின் சிறு பகுதிதான். அந்தக் கணக்கில்தான் உடனே காக் பண்ணு என்று பழக்குகிறார்கள்.

ஆனால் எங்களுக்கும் பேரல் சூடாக இருந்தால் கணக்கு மாறும். எம்16 குடும்பத் துப்பாக்கிகளில் 140 தோட்டா விடாமல் வேகமாகச் சுட்டால், தோட்டா சூட்டிலேயே வெடிக்கும் அளவுக்கு சேம்பர் காய்ந்துவிடும் என்று அமெரிக்க ராணுவக் கையேடுகள் சொல்கின்றன. ஒரு டீடெயிலில், அதாவது ஒரு சுற்றில், சுடுகிற சில்லறைத் தோட்டாவுக்கு அந்தச் சூடு வராது. மெஷின் கன்காரர்கள் இதை மறக்கக் கூடாது.

#8 புள்ளி22

சரி ஐயா, அந்த வேறுபாடு புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 'டிக்' என்று கேட்காமல் 'பொத்' என்று மெல்லிய சத்தம் வந்தால்? எங்களுக்கு அங்கே முழு நிறுத்தம்.

#9 பழைய_என்சிக்

எங்களுக்கும் அதே. நல்லவேளை கேட்டீர்கள், நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது.

யீஷூன் தம்பி, இதைக் கவனமாகப் படியுங்கள். மருந்து குறைந்த தோட்டாவோ, ஈரம் பட்டதோ, ப்ரைமர் மட்டும் வெடித்து மருந்து பற்றாததோ வந்தால், குண்டு பேரலுக்குள் பாதி தூரம் போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்போது சத்தம் குறைவாக இருக்கும், உதைப்பு குறைவாக இருக்கும், டார்கெட்டில் ஓட்டை விழாது. சில சமயம் கேஸ் வெளியேறும் வாயிலிருந்து புகை கசியும். இந்த நேரத்தில் ஐஏ செய்தால் என்ன நடக்கும்? அடுத்த தோட்டா அழகாக உள்ளே போகும். ட்ரிகரை இழுத்தால், அடைத்துக்கொண்டிருக்கும் குண்டின் மேல் இன்னொரு குண்டு மோதும். பேரல் வீங்கும் அல்லது வெடிக்கும். ட்ரில்லைச் சரியாகச் செய்ததாலேயே ஆபத்து வரும் ஒரே இடம் இது. கையை உயர்த்துங்கள், முனை டார்கெட் பக்கம், வேறு எதையும் தொடாதீர்கள். பேரலில் அடைப்பு இல்லை என்று ஆயுதம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை அந்தத் துப்பாக்கி சுடாது.

காதில் அடைப்பான் இருக்கும், பக்கத்து லேன் சத்தம் வேறு. அதனால் காதை மட்டும் நம்ப முடியாது. தோளுக்கு வரும் உதைப்பு மாறியதா என்பதைக் கவனிக்கப் பழகுங்கள்.

#10 கார்பன்கை

ஷிஃப்ட் முடிந்தது. என்சிக் இருக்கிற இழையில் எழுத பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் ஆர்ம்ஸ்கோட்டில் (ஆயுத அறையில்) கை கறுத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

"சுத்தம் செய்துதான் கொண்டுபோனேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். என்ன சுத்தம்? பேரலுக்குள் துணியை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பளபளப்பைப் பார்த்து, வெளியே எண்ணெயைப் பூசி ஒப்படைப்பது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு அது போதும். சுடுவதற்குப் போதாது. பேரல் அழுக்காக இருந்தால் குறி கொஞ்சம் தப்பும், அவ்வளவுதான். துப்பாக்கி நிற்பது சேம்பர் அழுக்கால், போல்ட் முகத்து அழுக்கால், எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியில் இறுகிய கார்பனால், போல்ட் பூட்டும் பற்களுக்கு இடையில் அடைந்ததால். இந்த இடங்களுக்குத் துணி போகாது, பைப் கிளீனரும் பிரஷும்தான் போகும்.

சேம்பரைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெடிக்கும்போது பித்தளைக் கேஸ் உப்பி சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, வாயு பின்னால் வராமல் அடைப்பது அதுதான். அழுத்தம் இறங்கியதும் கேஸ் சற்றே சுருங்கி விலகும், அப்போது எக்ஸ்ட்ராக்டர் இழுத்துவிடும். சுவர் சொரசொரப்பாகவோ துருப்பிடித்தோ இருந்தால் கேஸ் விலகாது. ஈரப்பதம் தப்பிய புட்டு குழாயை விட்டு வர மறுப்பதுபோல உட்கார்ந்துகொள்ளும். எக்ஸ்ட்ராக்டர் வலுவாக இழுத்தால் கேஸின் விளிம்பு மட்டும் பிய்ந்து வரும், மீதி உள்ளேயே.

பிளாங்க் (குண்டில்லாத பயிற்சித் தோட்டா) சுட்ட பிறகு இன்னும் மோசம். குண்டு இல்லாததால் அழுத்தம் சரியாக எழும்பாது, அதற்காகத்தான் முனையில் பிஎஃப்ஏ என்ற அடைப்பானை மாட்டுகிறோம். புகையும் கரியும் உள்ளேயே தங்கிவிடும். காட்டுப் பயிற்சியில் பிளாங்க் சுட்ட ரைபிளை மேலோட்டமாகத் துடைத்துவிட்டு ரேஞ்சுக்குக் கொண்டுவந்தால் துப்பாக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

எண்ணெய்க்கு வருகிறேன். நம் ஊர்க் காற்றில் எண்ணெய் இல்லாத இரும்பு ஒரே ராத்திரியில் சிவக்கும், தேக்கோங்கில் கடல்காற்று வேறு. அதனால் எல்லோரும் ஊற்றித் தள்ளுகிறார்கள். எண்ணெய் அதிகமானால் மணலும் கரியும் அதில் குழைந்து அரைக்கும் சாந்தாகிவிடும். போல்ட் உராயும் இடங்களில் மெல்லிய படலம் இருந்தால் போதும். சேம்பரும் பேரலும் சுடும் முன் காய்ந்திருக்க வேண்டும்.

தோட்டாவில் எண்ணெய் கூடவே கூடாது. மேலே சொன்னேனே, கேஸ் சுவரைக் கவ்விப் பிடிக்கிறது என்று. அந்தப் பிடியால் பின்னோக்கிய உந்தலில் ஒரு பகுதியைச் சுவர் தாங்குகிறது. எண்ணெய் தடவினால் பிடி போய் முழுப் பாரமும் போல்ட் மேல் விழும். எண்ணெய் ப்ரைமருக்குள் கசிந்தால் தோட்டா வெடிக்காமலும் போகலாம். மணல் ஒட்டுவது தனிக்கதை. உங்கள் பங்க்மேட்டுக்கு என் அன்பு.

#11 வரலாற்றுப்பித்தன்

சேம்பர் பற்றி கார்பன்கை சொன்னதை ஒரு ராணுவமே அடிபட்டுக் கற்றிருக்கிறது. வியட்நாமில் எம்16 முதலில் போனபோது, அதற்குச் சுத்தம் அதிகம் தேவையில்லை என்ற நினைப்பு பரவியிருந்தது. பலருக்குச் சுத்தம் செய்யும் பொருள்களே போய்ச் சேரவில்லை. சேம்பரில் குரோம் பூச்சு இல்லை, ஈரக்காட்டில் அரித்தது. இதற்கு நடுவில் தோட்டாவின் மருந்தையும் மாற்றினார்கள். குச்சி வடிவ மருந்துக்குப் பதில் உருண்டை மருந்து வந்தது, துப்பாக்கியின் சுடும் வேகம் கூடியது, கரியும் கூடியது. கேஸ் சேம்பரில் ஒட்டிக்கொள்ள, சிப்பாய்கள் முனை வழியாகக் கம்பியை விட்டுக் குத்தி வெளியே தள்ளினார்கள். சண்டைக்கு நடுவில்.

1967-இல் ரிச்சர்ட் இகார்ட் தலைமையில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்தது. பிறகு சேம்பருக்குக் குரோம் பூச்சு வந்தது, போல்ட்டின் வேகத்தைத் தணிக்கும் பஃபர் மாறியது, சுத்தம் செய்யும் பொருள்களும் பயிற்சியும் போய்ச் சேர்ந்தன, புகார் குறைந்தது. அதே 1967-இல்தான் இங்கே தேசிய சேவை (திருத்தச்) சட்டம் வந்தது, 5.56 தோட்டா தயாரிக்க சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கப்பட்டது. எம்16-ஐ உரிமம் பெற்று எம்16எஸ்1 என்று அவர்கள் செய்தது அதற்குப் பிறகு. 1999-இல் எஸ்ஏஆர் 21-ஐ அறிமுகப்படுத்தியதும் அவர்களே.

எம்16ஏ1-இல் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு, பூட்டாத போல்ட்டை அழுத்தித் தள்ள. அமெரிக்கத் தரைப்படை அதைக் கேட்டு வாங்கியது. விமானப்படை வேண்டாம் என்றது, வடிவமைத்த யூஜின் ஸ்டோனருக்கும் அதில் விருப்பமில்லை. என்சிக் எந்தக் கட்சி?

#12 பழைய_என்சிக்

ஸ்டோனர் கட்சி. போல்ட் பூட்ட மறுக்கிறதென்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது. வெளியே எடுத்துப் பார்க்க வேண்டியதை உள்ளே அடித்து இறக்கினால், பிறகு சுத்தியல் தேட வேண்டிவரும்.

#13 தேக்கோங்_அப்பா

எங்கள் காலத்தில் பூட்டாத போல்ட்டை எப்படியாவது உள்ளே தள்ளத்தான் பார்ப்போம். இப்போது தெரிகிறது ஏன் திட்டினார்கள் என்று.

#14 யீஷூன்வாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. என்சிக் கேட்ட பள்ளத்தை அன்று பார்க்கத் தோன்றவில்லை, விழுந்த தோட்டா எல்லாம் சார்ஜெண்ட் கைக்குப் போய்விட்டது. ஆனால் நினைவுக்கு வருவது ஒன்று உண்டு. ஜாம் எல்லாம் ஒரே மேகசினில்தான் வந்தது. இன்னொரு மேகசின் ஒழுங்காகப் போனது. தோட்டாக்கள் உள்ளே கொஞ்சம் மூக்கு தாழ்ந்து நின்றதுபோலவும் இருந்தது, ஒளி ஊடுருவும் மேகசின் என்பதால் வெளியிலிருந்தே தெரிந்தது. பிறகு ஏன் ட்ரிகர் இழுத்தபோது 'டிக்' கூட வரவில்லை என்பதும் இப்போது புரிகிறது.

#15 கார்பன்கை

முதல் பதிவிலேயே சொன்னேன்!

மேகசின் வெறும் பெட்டி என்று நினைக்கிறோம், துப்பாக்கியில் அதிகம் அடிபடுவது அதுதான். கீழே விழும், வேலியைத் தாண்டும்போது இடிக்கும், சிலர் உட்கார்ந்தே விடுவார்கள். வாயின் இரண்டு உதடுகளில் ஒன்று சற்றே விரிந்தாலோ விரிசல் விட்டாலோ தோட்டா கோணம் மாறி மேலே வரும். ஸ்பிரிங் தளர்ந்தால் போல்ட் வரும் வேகத்துக்குத் தோட்டா எழும்பாது. உள்ளே மணல் இருந்தால் தோட்டாவைத் தள்ளும் தட்டு சரிந்து நிற்கும், நீங்கள் பார்த்த மூக்குத் தாழ்வு இதனால் இருக்கலாம். மேகசினைப் பிரித்து உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், எண்ணெய் விடக் கூடாது. தோட்டா ஏற்றும் முன் தட்டைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். தடுமாறாமல் மேலே வர வேண்டும். வரவில்லையென்றால் அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஏற்றும்போது ஒவ்வொரு தோட்டாவின் பின்பக்கமும் மேகசினின் பின்சுவரைத் தொட வேண்டும். ஏற்றி முடித்ததும் பின்பக்கத்தை உள்ளங்கையில் மெல்லத் தட்டினால் வரிசையாக உட்கார்ந்துவிடும். ஹெல்மெட்டில் ஓங்கி அடிக்கிறவர்கள் உதட்டை நெளிப்பதைத் தவிர வேறொன்றும் சாதிப்பதில்லை. 30 தோட்டா கொள்ளும் மேகசினை நிரப்பி, போல்ட் முன்னே இருக்கும்போது மாட்டினால் மேல் தோட்டா போல்ட்டின் அடியில் அழுந்தி உள்ளே போக அடம்பிடிக்கும். அதனால்தான் மாட்டியதும் கீழே ஒரு முறை இழுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கையோடு வந்தால் மாட்டவில்லை.

படுத்துச் சுடும்போது மேகசினைத் தரையில் ஊன்றி முட்டுக்கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் பாருங்கள். புல்பப்பில் மேகசின் பின்னால் இருப்பதால் தெரியாமலே மண்ணில் இடிக்கும்.

#16 புள்ளி22

தோட்டாவையும் ஏற்றும் முன் ஒரு பார்வை பாருங்கள் தம்பி. பித்தளையில் பச்சைக் களிம்பு, கேஸில் நசுங்கல், குண்டு வழக்கத்தைவிட உள்ளே இறங்கியிருப்பது, இதில் எது இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். குண்டு உள்ளே இறங்கினால் மருந்துக்கு இடம் குறைந்து அழுத்தம் தாறுமாறாக ஏறும். தோட்டாப் பெட்டியை வெயிலில் திறந்து வைப்பதும் வேண்டாம், மருந்து சூடேறினாலும் அழுத்தம் கூடும். நம் ஊரில் ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் வேர்க்கும், அதைத் துடைக்காமல் பெட்டிக்குள் அடைத்தால் களிம்பு வரும்.

மண்ணில் விழுந்த தோட்டாவை ஊதிவிட்டு மறுபடி மேகசினில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊதினால் எச்சில்தான் சேரும்.

#17 யீஷூன்வாசி

காக் பண்ணும்போது விழும் அந்த நல்ல தோட்டாவை என்ன செய்வது அக்கா? இரவுச் சுடுதலில் புல்லுக்குள் போய்விடுகிறது.

#18 பழைய_என்சிக்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். எங்கே விழுந்தது என்று மனதில் குறித்துக்கொண்டு தொடர்ந்து சுடுங்கள். டீடெயில் முடிந்து உத்தரவு வந்த பிறகு சேஃப்டி சார்ஜெண்டிடம் காட்டுங்கள். நீங்களாக எடுத்துப் பையில் போடவே போடாதீர்கள், பிறகு தரலாம் என்ற எண்ணத்தில்கூட. கொடுத்த தோட்டா எத்தனையோ, வெற்றுக் கேஸும் சுடாத தோட்டாவும் சேர்ந்து அத்தனையே திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தால் மொத்தக் கம்பெனியும் டார்ச் லைட்டோடு புல்லை மேயும். புக் அவுட் (முகாமை விட்டு வெளியேறும்) நேரம் போய்க்கொண்டே இருக்கும், உங்களை எல்லோரும் அன்போடு நினைப்பார்கள்.

கடைசியில் "என்னிடம் தோட்டாவோ வெற்றுக் கேஸோ எதுவும் இல்லை" என்று ஒவ்வொருவரும் அறிவிப்பது சடங்குக்காக இல்லை. இந்த நாட்டில் துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் வைத்திருந்தாலும் குற்றம். ஆயுதக் குற்றச் சட்டத்தில் சிறையும் பிரம்படியும் உண்டு.

#19 மட்டுறுத்துநர்

நல்ல இழை. ஒரு நினைவூட்டல்: முகாம், யூனிட் பெயர்கள், உள்ளே எடுத்த படங்கள் வேண்டாம். இதுவரை யாரும் போடவில்லை, அப்படியே தொடரட்டும்.

#20 தேக்கோங்_அப்பா

கடைசியாக ஒன்று. மகன் இடதுகைக்காரன். எழுதுவது, சாப்பிடுவது, பேட்மின்டன் எல்லாம் இடதுதான். கேஸ் வலது பக்கம் தெறிக்கிறதே, இடது தோளில் வைத்துச் சுட்டால் முகத்தில் படுமே?

#21 பழைய_என்சிக்

பட வாய்ப்பு உண்டு. அதனால் இடதுகைக்காரர்களுக்கும் வலது தோளில்தான் பழக்குகிறார்கள். முதல் சில நாள் ட்ரிகர் விரல் சொன்னபடி கேட்காது, கண்ணும் மாறி மாறிப் பார்க்கும். 1.5 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் கூடவே இருப்பதால் குறி பார்ப்பது பழைய இரும்புக் குறியைவிட எளிது.

#22 கார்பன்கை

நானும் இடதுகைதான் அங்கிள். வலது தோளில் வைத்தால் காக்கிங் ஹேண்டிலை இழுப்பதும் மேகசினை மாற்றுவதும் தட்டுவதும் இடது கை. ஜாம் எடுப்பதில் எங்கள் செக்‌ஷனில் நான்தான் வேகம். வலதுகைக்காரர்கள் எல்லாம் பலமில்லாத கையால் இழுத்துக்கொண்டிருப்பார்கள்.